பிரிட்ஜ் தூக்கிக்கொண்ட உகுலேலே: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் உகுலேலேக்கு, அதாவது நான்கு கம்பி உள்ள குட்டிக் கிட்டார் போன்ற வாத்தியத்துக்கு, கம்பி மாற்றுவது பற்றி ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான் நம் சிங்கப்பூர் வீடுகளில் இத்தனை உகுலேலே இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. பள்ளியில் பிள்ளை கற்றுக்கொண்டு வந்து அலமாரி மேலே வைத்தது ஒரு வீட்டில், சமூக மன்ற வகுப்புக்காகப் பாட்டி வாங்கியது இன்னொரு வீட்டில். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க உகுலேலேக்குத்தான். முதல் கடிதம் நீளம், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். பதிலும் நீளமாகப் போய்விட்டது. பேச வேண்டிய விஷயம், அதனால் குறைக்க மனம் வரவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சமூக மன்றத்தில் உகுலேலே கற்றுக்கொண்டேன். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, வெளிநாட்டில் தனி ஆளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி ஒரு டெனர் உகுலேலே (கொஞ்சம் பெரிய அளவு) செய்து வாங்கினேன். அதை மடியில் வைத்து ஒரு தடவை மீட்டினால் நெஞ்சில் அதிர்வு தெரியும், அப்படி ஒரு நாதம். வாங்கிப் பதினோராவது மாதம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பேரனின் பிறந்தநாள். வாத்தியத்தை மகனின் காரிலேயே மறந்து வைத்துவிட்டேன், மதியம் முழுக்க நல்ல வெயில். எடுத்துப் பார்த்தால் கம்பி மாட்டியிருக்கும் கட்டை பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுதே விட்டேன். செய்தவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, செலவு எவ்வளவானாலும் தருகிறேன் என்றேன். மறுநாளே பதில் வந்தது: "கம்பியை உடனே தளர்த்துங்கள், நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், எதையும் நீங்களாக ஒட்ட வேண்டாம்." அனுப்பி வைத்தேன். ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது. பிரிட்ஜ் என்ற அந்தக் கட்டையை ஒட்டிய இடமே தெரியவில்லை. புதுக் கம்பி போட்டிருக்கிறார். விரலை உறுத்திக்கொண்டிருந்த ஒரு மெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) ஓரத்தை, நான் சொல்லாமலே, தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார், திருப்பி அனுப்பிய செலவும் அவருடையது. தப்பு என்னுடையது ஐயா. இப்படி வாங்கிக்கொள்வது சரியா? நான் அவருக்கு என்ன செய்ய வேண்டும்? (அங் மோ கியோ வாசகி)

பதில்: அம்மா, நடந்ததை நடந்தபடி எழுதினீர்களே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "திடீரென்று தானாகவே தூக்கிக்கொண்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார், யோசித்துப் பாருங்கள். தன் பசையில் குறையா, ஒட்டிய நாளில் பட்டறையில் ஈரம் அதிகமா, அதே வாரம் செய்து அனுப்பிய மற்ற வாத்தியங்களுக்கும் இதே கதி வருமா என்று தூக்கம் கெட்டிருப்பார். வெயிலில் நின்ற கார் என்ற ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். உங்கள் நேர்மைக்கு அவர் கொடுத்த மரியாதையும் அந்த வேலையில் கலந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், தெரிந்தால் அவர் செய்த வேலையின் அருமையும் தெரியும். டெனர் உகுலேலேயின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. தேக்காவில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பை நான்கை ஒரே ஆணியில் தொங்கவிட்டது போல. இரவு பகல் ஓயாத இழுப்பு. அதைத் தாங்குகிற பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் இடமோ தீப்பெட்டியின் முகப்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குக் கீழே இருக்கும் மேல்பலகை நல்ல உகுலேலேயில் இரண்டு மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். பலகை கனமாக இருந்தால் பிரிட்ஜுக்குப் பயமில்லை, ஆனால் நாதம் வராது. மெலிந்தால் நாதம் வரும், ஆனால் இழுப்பில் வளையும். அந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதுதான் செய்கிறவரின் கைப்பக்குவம். மூடிய காருக்குள் வெயில் ஏறும்போது பசை இளகுகிறது, கம்பி இழுத்துக்கொண்டே இருக்கிறது, பிரிட்ஜின் பின்விளிம்பு மெல்லத் தூக்குகிறது. பசை இளகிக் கழன்றிருந்தால் பெரும்பாலும் மரத்தின் நார் கிழியாது. அதனால்தான் அவர் எதையும் ஒட்டாதீர்கள் என்று அத்தனை அவசரமாகச் சொன்னார். நம் ஆட்கள் கடையில் இரண்டு வெள்ளிக்கு விற்கும் உடனடிப் பசையை விட்டு அழுத்திவிடுவார்கள், அது நாருக்குள் இறங்கிக் கல்லாகிவிடும், அப்புறம் அதைச் சுரண்டி எடுக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் பலகையில் கால் மில்லிமீட்டர் போய்விடும்.

அவர் செய்திருக்கக்கூடிய வேலை இது: பாதி ஒட்டிக்கொண்டிருந்த பிரிட்ஜை மெல்லச் சூடு காட்டி, மெல்லிய கத்தியை நூல் நூலாக உள்ளே விட்டு முழுதாகக் கழற்றியிருப்பார். இரு பக்கமும் பழைய பசையை மரம் தெரியும்வரை சுத்தம் செய்திருப்பார். மேல்பலகை வெயிலில் கொஞ்சம் வளைந்திருந்தால் பிரிட்ஜின் அடிப்பாகத்தை அந்த வளைவுக்கு இசைவாகச் செதுக்கி, ஒலித்துளை வழியாகக் கிளாம்ப் விட்டு இறுக்கி, ஒரு நாளாவது அப்படியே காய விட்டிருப்பார். இடமே தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் இடம் தெரிகிற மாதிரி ஒட்டுவது சுலபம்.

வாங்கிக்கொள்வது சரியா என்று கேட்டீர்கள். தாராளமாக. அவர் மனதில் அந்த உகுலேலே இன்னும் அவர் பட்டறையில் இருக்கிறது, உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். என் அம்மாவின் வீணை தஞ்சாவூரில் செய்தது. வீணையின் மெட்டுகளைப் பதித்திருப்பது மெழுகில், நம் ஊர்ச் சூட்டில் அது நகர்ந்துவிடும், சுருதி விலகும். சில வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது அம்மா வீணையையும் சுமந்துகொண்டு போவார். செய்த ஆசாரி பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, 24 மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைப்பார். முதல் தடவை காசே வாங்கவில்லை. "என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வதற்கு என்னம்மா கூலி" என்றாராம். அம்மா அடுத்த முறையிலிருந்து அவருக்கு ஆறு பாட்டில் கோடாலித் தைலம் கொண்டுபோவார், அவர் மனைவிக்கு ஒரு புடவை. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். இரண்டு பேருமே அதைக் கூலி என்று நினைக்கவில்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. 2012இல் டெனரைவிடச் சின்னதான கன்சர்ட் அளவு உகுலேலே ஒன்று வாங்கினேன், அதுவும் தனி ஆள் பட்டறைதான். மூன்றாவது மாதம் டி சுரத்தில் மட்டும் ஓர் இரைச்சல், தகரத்துக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. எழுதினேன். அந்தச் சுரத்தை மட்டும் பத்துத் தடவை மீட்டிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு, "வீட்டில் இன்னொருவரை மீட்டச் சொல்லுங்கள், நீங்கள் தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள்" என்றார். என் மனைவி மீட்டினார், நான் அழுத்தினேன். மூன்றாவது சாவியில் விரல் பட்டதும் இரைச்சல் சட்டென்று நின்றது. சாவியை இறுக்கும் குட்டித் திருகு மறை அரைச் சுற்று தளர்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு காதால் அதைப் பிடித்தார். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு சின்ன உறை வந்தது, உள்ளே நான்கு வாஷர், கூடவே கையால் எழுதிய ஒரு வரி: இனி தளராது. தளரவும் இல்லை. அந்த உறையை இன்றும் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம். வேண்டாம் என்றவருக்கு எப்படியாவது பணத்தை அனுப்பிவிட வேண்டும் என்று முயல வேண்டாம், அது அவர் சொன்னதைக் கேட்காதது போல. ஒரு கடிதம் எழுதுங்கள், "மிக்க நன்றி" என்று ஒரு வரியில் முடிக்காமல், நீங்கள் கவனித்ததை எழுதுங்கள். அந்த மெட்டின் ஓரம், இத்தனை நாள் இடது பெருவிரல் அடிப்பகுதியில் உறுத்தியது, இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது என்று. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்துச் செய்த வேலையை ஒருவர் கண்டுகொண்டார் என்று தெரிவதைவிட மரவேலை செய்பவருக்கு வேறு சந்தோஷம் கிடையாது. அதோடு நீங்கள் வாசிப்பதை இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. வாத்தியம் பெட்டியில் ஏறிய பிறகு அது எப்படிப் பேசுகிறது என்று செய்தவருக்குக் கேட்கக் கிடைப்பதே அபூர்வம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நண்பர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போது "எது உடைந்தாலும் சும்மாவே செய்து கொடுப்பார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனி ஆள். உங்கள் பிரிட்ஜுக்குக் கொடுத்த நாள், காத்திருக்கும் இன்னொருவரின் உகுலேலேயிலிருந்து எடுத்த நாள். உங்களுக்கு மனமுவந்து செய்ததை அடுத்தவர் உரிமையாகக் கேட்டால் அவருக்கு அது பாரமாகிவிடும். மறுநாளே பதில் எழுதினார், ஒட்ட வேண்டாம் என்று தடுத்தார், சொல்லாத குறையையும் கண்டுபிடித்தார், இதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு வருகிறவர்கள்தான் அவருக்குத் தேவையான வாடிக்கையாளர்கள். அப்புறம், அடுத்த முறை கம்பி வேண்டுமென்றால், தோளில் மாட்டும் வார் வேண்டுமென்றால், அவரிடமே காசு கொடுத்து வாங்குங்கள். அதை அவர் மறுக்க மாட்டார்.

கேள்வி: உகுலேலே ஹவாய்க்காரர்களுடையதா, போர்ச்சுகீசியர்களுடையதா? என் மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம். (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இருவருமே ஜெயித்தீர்கள். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மடேரா தீவிலிருந்து 400க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுவுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்த வேலைக்காக வந்தவர்கள், நான்கு மாதக் கடல் பயணம். தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றிய கப்பல்களின் கதை நமக்கும் தெரிந்ததுதானே. அந்தக் கப்பலில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள்: மானுவல் நூனஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட வேலை முடிந்ததும் மூவரும் ஹொனலூலுவில் பட்டறை போட்டு, தங்கள் ஊர் மஷேட் என்ற குட்டி நரம்பு வாத்தியத்தை அந்த ஊரில் வளரும் கோவா (koa) என்ற மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவே உகுலேலே ஆனது. ஹவாய் மன்னர் கலாகௌவா அரண்மனை நிகழ்ச்சிகளில் அதைச் சேர்த்ததும் ஊர் முழுக்கப் பரவியது. பெயருக்குத் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள் சொல்வார்கள். "யூகலேலி" என்று உங்கள் மகள் சொன்னால் திருத்த வேண்டாம், ஆனால் ஹவாய்க்காரர்கள் சொல்வது உகுலேலேதான். நம் வாய்க்கு அதுவே சுலபம்.

நூனஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாகா 1916இல் ஆரம்பித்த கமாகா பட்டறை இன்றும் ஹொனலூலுவில் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அங்கே காது கேளாதவர்கள் பல வருடம் வேலை செய்திருக்கிறார்கள். பலகையைத் தட்டி, விரலில் வரும் அதிர்வை வைத்தே கனம் சரியா என்று சொல்லிவிடுவார்களாம். கோவா மரம் என்றதும் ஏதோ கிடைக்காத அதிசயம் என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் வேல மரத்தோடு உறவு சொல்லிக்கொள்ளும் அகேசியா வகை அது. மா மரத்திலும் அங்கே உகுலேலே செய்கிறார்கள்.

கேள்வி: அங்கிள், நான் உயர்நிலை 2. இணையத்தில் 40 வெள்ளிக்கும் உகுலேலே இருக்கிறது, 400 வெள்ளிக்கும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. என்ன வித்தியாசம்? சேர்த்து வைத்த காசு 150 வெள்ளி. (உட்லண்ட்ஸ் மாணவர்)

பதில்: தம்பி, படத்தில் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும், அதனால் கடைக்குப் போ. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது போனால் நிதானமாகப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் பார்க்கலாம், தப்பில்லை.

முதலில் விலையைப் பார்க்காதே, கழுத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெருவிரலை ஓட்டிப் பார். மெட்டுகளின் நுனி ரம்பம் மாதிரி கீறினால் வைத்துவிடு. இரண்டாவது, முதல் மெட்டில் இ கம்பியை (கீழேயிருந்து இரண்டாவது) அழுத்து. எஃப் கார்டுக்கு (சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் கூட்டு) எப்போதும் அங்கேதான் விரல் போகும். அழுத்தவே பலம் வேண்டியிருந்தால் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டு என்ற துண்டில் பள்ளம் போதுமான ஆழம் இல்லை, விரல் வலிக்கும், சுரமும் ஏறி நிற்கும். மூன்றாவது பரீட்சைதான் முக்கியம். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே விரலால் கம்பியை மெல்லத் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி போல ஒரு சுரம் வரும். அடுத்து அதே இடத்தில் நன்றாக அழுத்தி மீட்டு. கைபேசியில் இருக்கும், சுருதி காட்டும் டியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். விலகினால் மேலே போகப் போக எல்லாமே அபசுரம்தான், எவ்வளவு சாதகம் செய்தாலும் சரியாகாது. பிள்ளைகள் பலர் "எனக்கு இசை வரவில்லை" என்று விட்டுவிடுவதற்கு இந்த மாதிரி வாத்தியம்தான் காரணம், அவர்கள் இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

அப்புறம் ஒலித்துளையின் விளிம்பைப் பார். மேலே தெரியும் மர ரேகை விளிம்பில் திரும்பிக் கீழே இறங்கினால் முழுப் பலகை. சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுப் பலகையின் நாதம் அருமைதான், ஆனால் உன் 150 வெள்ளிக்கு, மெட்டும் நட்டும் ஒழுங்காகச் செய்த ஒட்டுப்பலகை உகுலேலே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் போய் வருவதற்கும் அதுதான் தாங்கும். கையிருப்பு முழுவதையும் வாத்தியத்தில் போடாமல் ஒரு செட் நல்ல கம்பிக்கும் பஞ்சு வைத்த பைக்கும் மிச்சம் வை.

நேரம் இருந்தால், காசு சேரும்வரை காத்திருக்காமல், அந்த 400 வெள்ளி உகுலேலேயையும் கையில் வாங்கி உள்ளே எட்டிப் பார். உட்சட்டங்களின் நுனி எப்படி மெலிந்து மெலிந்து பலகையோடு கரைகிறது, பசை எங்கேயும் வழிந்திருக்கிறதா, ஒரே மரத்துண்டைப் புத்தகம் போலப் பிளந்து விரித்து ஒட்டியதால் இடது பக்க ரேகைக்கு வலது பக்கம் கண்ணாடி பார்த்தது போல ஜோடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று இப்போதே கண்ணுக்குப் பழகட்டும்.

கேள்வி: ஏர்கான் அறையில் வைக்கலாமா, வெளியே வைக்கலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (தெம்பனீஸ் வாசகி)

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுப் பலகை வாத்தியம் செய்கிறவர்கள் பட்டறையில் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பார்கள். நம் சிங்கப்பூரில் விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 பக்கம் இறங்கும். மரம் ஈரத்தைக் குடித்தால் மேல்பலகை வயிறு உப்பினாற்போல எழும்பும், கம்பி உயரும், அழுத்தக் கை வலிக்கும். ஆனால் ராத்திரி ஏர்கான் ஓட்டிவிட்டுக் காலையில் ஜன்னலைத் திறந்துவிடும் அறையில் மரம் தினம் தினம் சுருங்கி விரிகிறது, அதுதான் அதிகக் கெடுதல். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டுவதைப் போலக் கெட்டது வேறில்லை.

வாசிக்காத நேரம் பெட்டிக்குள் வையுங்கள், உள்ளே ஈரத்தைச் சமன் செய்யும் பொட்டலம் ஒன்று, சின்ன ஈரப்பதமானி ஒன்று. வீட்டில் கேமராவுக்கு உலர்பெட்டி இருந்தால் அதிலும் வைக்கலாம், ஆனால் 50இல் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு வைக்கும் 40 மரத்துக்குக் காய்ச்சல். ஒட்டுப்பலகை உகுலேலே என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். மாதம் ஒரு முறை ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நிம்மதி. நுழைந்தால் கம்பியைத் தளர்த்திவிட்டுச் செய்தவரைக் கூப்பிடுங்கள். காரைப் பற்றி மேலே அங் மோ கியோ அம்மா எழுதியதைப் படித்தீர்கள்தானே.

கேள்வி: கடையில் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஐந்தாவது மெட்டுக்கு மேல் எதை அழுத்தினாலும் கரகரவென்கிறது. கொண்டுபோனால் "விற்ற பொருள் விற்றதுதான்" என்கிறார்கள். எல்லாரும் அந்த அம்மாவுக்குக் கிடைத்த மாதிரி மனிதர் கிடைப்பார்களா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: கிடைக்காவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் இருக்கும், பேச்சில் லெமன் சட்டம் என்று சொல்லும் விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம், நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பவோ கேட்கலாம். பொருளை நீங்கள் கீழே போட்டிருந்தால், வெயிலில் விட்டிருந்தால், அது வேறு கதை. சுமுகமாக முடியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை, கோபம் இல்லாமல், எழுத்தில் கேளுங்கள். எந்தக் கம்பி, எந்த மெட்டு, எப்போதிலிருந்து, ஒரு நிமிடப் பதிவு, வாங்கிய ரசீதின் படம். "உங்கள் உகுலேலே சரியில்லை" என்று போனால் வாய்ச்சண்டைதான் வரும். "சி கம்பியில் ஆறாவது மெட்டை அழுத்தினால் ஏழாவது மெட்டில் கம்பி இடிக்கிறது" என்று போனால், கடையில் வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தால், எழுந்து வந்து வாங்கிப் பார்ப்பார். ஒரு மெட்டு மட்டும் உயர்ந்து நிற்பது அரை மணி நேரத்தில் சரி செய்யக்கூடிய குறை, நான் சொல்வது கைவேலை தெரிந்தவர் கையில். செய்து கொடுத்துவிட்டால் அடுத்த பத்து வருடம் நீங்கள் அந்தக் கடைக்குத்தான் போவீர்கள். இதை அவர்களிடமே சொல்லுங்கள்.

கேள்வி: என் பாட்டி எனக்குக் கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான ஸரளி வரிசை சொல்லித் தருகிறார். அதை உகுலேலேயில் வாசிக்க முடியுமா? பாட்டி முடியாது என்கிறார். (செங்காங், தொடக்கநிலை 5)

பதில்: முடியும் கண்ணா, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வீணை அளவுக்கு வராது, பாட்டி சொல்வது அதுவரை சரிதான். ஆனால் ஸரளி வரிசைக்கு உரிய மாயாமாளவகௌளை ராகம் அழகாக உட்காரும். உன் உகுலேலேயில் கம்பிகள் ஜி, சி, இ, ஏ என்றுதானே இருக்கின்றன, சி கம்பியை ஸட்ஜமாக, அதாவது ஸ-வாக வைத்துக்கொள். ஸ, சி கம்பியை அழுத்தாமல் மீட்டு. ரி, அதே கம்பியில் முதல் மெட்டு. க, இ கம்பியை அழுத்தாமல். ம, இ கம்பியில் முதல் மெட்டு, ப மூன்றாவது மெட்டு, த நான்காவது மெட்டு. நி, ஏ கம்பியில் இரண்டாவது மெட்டு, மேல் ஸ மூன்றாவது மெட்டு. உன் முகத்துக்கு மிக அருகில் இருக்கும் ஜி கம்பி பஞ்சமம் (ப), அதை நடுநடுவே பெருவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தால் தம்புரா மாதிரி கூடவே வரும். வாசிப்பதற்கு முன்னால் பாட்டியின் ஸட்ஜம் எது என்று கேட்டுக்கொள், சி இல்லையென்றால் நான்கு கம்பியையும் ஒரே அளவு இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம், அரை சுரம், ஒரு சுரம் வரை பயமில்லாமல் இறங்கும். கம்பி புதிது என்றால் இரண்டு மூன்று நாள் தளர்ந்துகொண்டேதான் இருக்கும், திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும், சலித்துக்கொள்ளாதே. முதலில் முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) ஸரளி முதல் வரிசையை மட்டும் பத்து நாள் வாசி, அப்புறம் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்லிக் கூடவே வாசி. பாட்டி என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.